எஸ்.எம்.பி.எஸ். சத்தம்

சனி இரவு

கத்திரி தொடங்கிவிட்டது. இரவு பத்து மணி ஆகியும் மேற்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. ஒரு புத்தகத்துக்குப் பக்க வடிவமைப்பு பாக்கி இருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் சிபியுவின் பின்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம். கொஞ்ச நேரம் ஓடினால் அடங்குகிறது. அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் திரும்பவும் வருகிறது. உள் அறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "என்னடா அது, மாவு மிஷின் ஓடற மாதிரி?"

எந்த ஃபேன் என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டிக்குள் மூன்று ஃபேன்கள்: பிராசஸர் மேல் ஒன்று, கேபினெட்டின் பின்புறம் ஒன்று, மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் ஒன்று. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, முதல் இரண்டின் நடுமையத்தில் தலா ஒரு நொடி விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் சத்தம் மாறவே இல்லை. பழைய காலண்டர் தாளைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்துக் கேட்டதில் சந்தேகம் தீர்ந்தது: எஸ்.எம்.பி.எஸ். அந்த ஃபேனைக் குச்சி விட்டு நிறுத்திப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கம்பி வலைக்குப் பின்னால் இருப்பது வேறு ஜாதி மின்சாரம்.

ஞாயிறு

வேளச்சேரி விஜயநகர் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். "முழுசா மாத்திடுங்க சார், இதையெல்லாம் யாரும் பிரிக்கிறதில்ல" என்றார் அந்தத் தம்பி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பிரித்துப் பூட்டினால் கூலி கேட்க வேண்டும். கூலி கொடுக்க நமக்கு மனம் வராது, புதுப் பொருள் வாங்கத்தான் மனம் வரும்.

ஆனால் கெட்டிருப்பது ஃபேன் மட்டும். மின்சாரம் ஒழுங்காக வருகிறது, கம்ப்யூட்டர் ஒருநாளும் தானாக அணைந்ததில்லை. ஒரு சின்ன ஃபேனுக்காக டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க், கெப்பாசிட்டர், ஒரு கட்டு செம்பு ஒயர் எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதற்காகச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ். முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. பிறகு நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டுப் பாய்ச்சி, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கித் தருகிறது. இதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. '80 பிளஸ்' தரச்சான்று 2004இல் வந்தது. 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதம் திறன் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்தச் சான்று இல்லாத பழைய பெட்டி எழுபது சதவீதத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். 210 வாட் கொடுக்க அது 300 வாட் இழுக்கும். மிச்சம் 90 வாட் அந்தச் சின்னத் தகரப் பெட்டிக்குள் சூடாக நிற்கும். வெளியே தள்ள இருப்பது அந்த ஒரே ஃபேன். அது நின்றுபோனால் முதலில் அடிவாங்குவது கெப்பாசிட்டர்கள். பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. இந்தச் சத்தத்தை நான் தொந்தரவாக எடுத்துக்கொள்ளவில்லை, அறிவிப்பாக எடுத்துக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, மிச்சம் இருந்ததை வடிய விட்டேன். இரவு முழுக்க அப்படியே கிடக்கட்டும்.

திங்கள்

திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கையைக் குறித்துவைக்கிறேன். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் சுமார் 325 வோல்ட்டில் நிறைந்திருக்கும். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள மாடல்களில் 400 வோல்ட்டை நெருங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் தங்கும். வடிப்பதற்கு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் அதுவும் பழுதாகலாம். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் போர்டில் கை வைக்கக் கூடாது. ஃபேன் மூடியோடு சேர்ந்தே இருப்பதால் போர்டைத் தொடாமலே வேலையை முடிக்கலாம். வாரண்டி இருக்கும் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போச்சு.

எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கேபினெட்டிலிருந்து எடுத்தேன். மூடியில் நான்கு ஸ்குரூ. மூடியைத் தூக்கியதும் வேளச்சேரி மெயின் ரோட்டின் தூசி சாம்பல் நிறப் பஞ்சாகத் திரண்டு, ஹீட்சிங்க் இடுக்குகளை அடைத்திருந்தது. பெயிண்ட் பிரஷால் மூடிப் பக்கத்தை மட்டும் துடைத்தேன்; போர்டுப் பக்கத்துக்குத் தள்ளி நின்று காற்று அடித்தேன். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் கண்டபடி சுற்ற விட்டால் பேரிங் கெடும்.

இரண்டு ஒயர் பின்னை இழுத்து ஃபேனைத் தனியே எடுத்தேன். நடுவில் வட்ட ஸ்டிக்கர். நகத்தால் பாதி உரித்ததும் சின்ன ரப்பர் மூடி. அதைத் தூக்கினால் தண்டின் முனையும் அதைப் பிடித்து நிற்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையமும். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பசை. இது புஷ் ஃபேன். வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ். அதன் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய்தான் தண்டைத் தாங்கிச் சுழல விடுகிறது. சூட்டில் அது வருடக்கணக்கில் மெல்ல ஆவியாகிறது. எண்ணெய் குறைந்ததும் உலோகம் உலோகத்தோடு உரசுகிறது. இரவெல்லாம் நின்ற ஃபேன் காலையில் அதிகம் கத்துவதும் இதனால்தான்: மிச்சமிருக்கும் எண்ணெய் சூடாகிப் பரவ நேரம் பிடிக்கிறது.

பஞ்சால் பசையைத் துடைத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். இறக்கையைக் கையால் சுற்றினேன், இன்னொரு சொட்டு, மூடி, ஸ்டிக்கர். கூடுதலாக ஊற்றினால் வெளியே தெறிக்கும், ஸ்டிக்கரும் ஒட்டாது. தேங்காய் எண்ணெய் விடுவார்கள் சிலர். அது 24 டிகிரி வாக்கில் உறைவது. சூட்டில் நாளடைவில் பிசினாகவும் மாறும். துரு இளக்கும் ஸ்ப்ரேயும் ஆகாது. முதலில் வழுக்கும், பிறகு இருந்த எண்ணெயையும் கரைத்துக்கொண்டு காய்ந்துவிடும்.

பூட்டிப் போட்டேன். கரகரப்பு போய்விட்டது, ஆனால் மெல்லிய உறுமல் இருக்கிறது. பிரித்திருந்தபோது இறக்கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், தண்டில் ஆட்டம் தெரிந்தது. புஷ் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் சில மாதம் தாங்கலாம். இந்த வெயிலில் அதை நம்பி வேலை செய்ய எனக்கு இஷ்டமில்லை. பிளக்கை மறுபடி பிடுங்கி வைத்தேன்.

புதன்

பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சந்து சந்தாக ஒயர், ரெசிஸ்டர், மானிட்டர், சார்ஜர். அண்ணா சாலையிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்களுக்கு இது தனி ஊர். ஃபேனை மறுபடி கழற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

கடைக்காரர் வாங்கி இறக்கையை ஒரு சுண்டு சுண்டினார். "புஷ்ஷு போயிடுச்சுண்ணே. புஷ் ஃபேனே வேணுமா, பேரிங் ஃபேன் தரட்டா?"

"சூடான இடம். பேரிங்கே குடுங்க. சத்தம் வராதே?"

"லைட்டா ஒரு இரைச்சல் இருக்கும். ஆனா இப்படிக் கத்தாது, நாள்பட உழைக்கும்."

பக்கத்தில் பளபளவென்று ஒரு மெதுவான ஃபேன் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். "அது கேபினெட்டுக்குண்ணே. இதுக்குள்ள போட்டா காத்து பத்தாது, எஸ்.எம்.பி.எஸ். சுட்டுடும்" என்றார். விற்றிருக்கலாம், விலையும் அதிகம். விற்கவில்லை. இப்படிச் சொல்லும் கடைக்காரர்கள் இருப்பதால்தான் அந்தத் தெருவுக்கு இன்னும் போகிறோம்.

பார்க்க வேண்டியவை இவ்வளவே: 120 மில்லிமீட்டர் அகலம், பழையதின் அதே கனம் (25 மி.மீ. பெரும்பாலும், மெல்லியதும் உண்டு), 12 வோல்ட், ஆம்பியர் பழையதற்கு அருகில். பின் பொருந்தவில்லை. பழைய ஃபேனின் பின்னை ஒயரோடு வெட்டி, புது ஃபேனில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் மாட்டிச் சூடு காட்டி இறுக்கிக் கொடுத்தார் வாசலில் மேஜை போட்டிருந்த பெரியவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, நான் பேசி முடிப்பதற்குள் முடித்துவிட்டார். ஃபேனும் கூலியும் சேர்ந்தே புது எஸ்.எம்.பி.எஸ். விலையில் ஒரு சிறு பங்குதான்.

வீட்டில் பூட்டும்போது கவனித்தது ஒன்று: ஃபேன் சட்டத்தில் காற்றுப் போகும் திசைக்குப் பெரும்பாலும் அம்புக்குறி இருக்கும். பழையது எந்தப் பக்கம் ஊதியதோ அதே பக்கம் புதியதும் ஊத வேண்டும். ஒயரையும் இறக்கையில் படாமல் ஓரமாக ஒதுக்கிக் கட்ட வேண்டும். ஒயர் தட்டினாலும் சத்தம் வரும். சிபியுவைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டேன், பெருக்கும் தூசி நேரே உள்ளே போகாமல் இருக்க.

வெள்ளி

நாளெல்லாம் ஓடியது. சீரான மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும். அம்மாவுக்குக் கேட்கவே இல்லை.

முழுதாக மாற்றியிருந்தால் பழைய பெட்டி குப்பைக்குத்தான் போயிருக்கும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை இந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜன்னலைச் சாத்தியும் தொண்டை எரிந்தது. அந்தக் குப்பை கிடந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. தூக்கிப் போடும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஈயப் பற்றும் பிளாஸ்டிக்கும் செம்பும் இருக்கின்றன. செம்புக்காக ஒயரை எரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன, உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சிப் பொறுப்பு உண்டு. நல்லதுதான். ஆனால் கெடாத பொருளைக் கழிவாக்காமல் இருப்பது அதற்கும் முந்தைய வேலை. அது நம் கையில் இருக்கிறது.

உங்கள் சிபியு கத்தினால் அந்த வாரமே பாருங்கள். கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தாலோ, கருகிய வாசம் வந்தாலோ, கம்ப்யூட்டர் தானாக அணைந்தாலோ, அது ஃபேன் விஷயமில்லை. அப்போது முழுதாக மாற்றுங்கள், பழையதை மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். வெறும் சத்தம் என்றால், திறக்கப் பயமாக இருந்தால் திறக்காதீர்கள், கடைக்குக் கொண்டுபோங்கள். "ஃபேனை மட்டும் மாத்திக் குடுங்க, கூலி என்ன?" என்று கேளுங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். முடியாது என்று சொன்னால் அடுத்த கடை; ரிச்சி தெருவில் செய்து தருகிறார்கள்.