விரலைக் காப்பாத்தும் ப்ளைவுட் ஃபென்ஸ்

1/ விரல் வெட்டுப்பட்டு கேஷுவாலிட்டி வர்ற மரவேலைக்காரங்ககிட்ட எப்படி ஆச்சுன்னு கேட்டா, அடிக்கடி வர்ற பதில்: "கட்டை சாஞ்சிடுச்சு டாக்டர்."

2/ பேண்ட்சால கட்டையை நிக்க வச்சு ரெண்டு பலகையா பிளக்கும்போது, மெஷினோட வர்ற குட்டை ஃபென்ஸ் போதாது. 6 இஞ்ச் உயரக் கட்டை ஆடும். அதைப் பிடிக்கத்தான் கை பிளேடு பக்கம் போகுது.

3/ நாமே செஞ்சுக்கலாம். 18 மி.மீ. ப்ளைவுட் ரெண்டு துண்டை 'எல்' மாதிரி இணைங்க. உயரம் கட்டை அளவுக்கு இருக்கட்டும். பின்னாடி ரெண்டு முக்கோணத் தாங்கல். மூலமட்டம் வச்சு 90 டிகிரி பார்த்து, மேஜையோட கிளாம்ப் போடுங்க.

4/ பிளேடு ஒரு பக்கமா இழுக்கும். வேஸ்ட் கட்டையில கோடு போட்டு, ஃபென்ஸ் இல்லாம பாதி வரை அறுத்து நிறுத்துங்க. கட்டை நிக்குற கோணத்துக்கே ஃபென்ஸைத் திருப்புங்க.

5/ அகலமான பிளேடு, இஞ்சுக்கு 3 பல். கடைசி சில இஞ்சுக்குத் தள்ளுகட்டை. கிளவுஸ் வேண்டாம், பிளேடு இழுத்துடும்.

6/ மீறி விரல் துண்டானா: காயத்தை அழுத்திக் கட்டி கையை உயர்த்திப் பிடிங்க. துண்டை சுத்தமான ஈரத்துணியில சுத்தி, கவர்ல கட்டி, கவரை ஐஸ் மேல வைங்க. விரல்ல ஐஸ் நேரா படக்கூடாது. உடனே கிளம்புங்க.

மரவேலை செய்றவங்களுக்கு அனுப்புங்க.