மைதானம் தயார், அணி எங்கே?

ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாத் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சார்மினாரையும் கோல்கொண்டாவையும் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, உச்சிப் பொழுதில் ஏதாவது இரானி ஹோட்டலின் மின்விசிறிக்கு அடியில் ஒதுங்குவதுதான் விவரம் தெரிந்த பயணிகளின் வழக்கம். வெயில் தாழ்ந்த பிறகு போய்ப் பார்க்க இந்த நகரத்தில் இன்னொரு சரித்திரம் இருக்கிறது. டூரிஸ்ட் பஸ்கள் அங்கே நிற்பதில்லை. அது கால்பந்தின் சரித்திரம்.

மெட்ரோவில் அசெம்பிளி நிலையத்தில் இறங்கினால் லால் பகதூர் சாஸ்திரி ஸ்டேடியம் நடை தூரம்தான். பழைய பெயர் ஃபதே மைதான், அதாவது வெற்றித் திடல். 1687-ல் கோல்கொண்டாவை முற்றுகையிட்ட ஔரங்கசீப்பின் படைகள் முகாமிட்ட இடம் இது. நிஜாம்கள் காலத்தில் போலோ மைதானம். 1967-ல்தான் சாஸ்திரியின் பெயர் வந்தது. கிரிக்கெட் ரசிகர்களுக்கு 1999-ல் நியூசிலாந்துக்கு எதிராக டெண்டுல்கர் அடித்த 186 ரன்கள் நினைவுக்கு வரும். 2023 டிசம்பரில் ரேவந்த் ரெட்டி முதல்வராகப் பதவியேற்ற மேடையும் இங்கேதான் போடப்பட்டது.

ஆனால் கால்பந்து உலகில் ஹைதராபாத் என்றால் சையத் அப்துல் ரஹீம். இவர் பயிற்சியளித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இவர் பயிற்சியில்தான் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. அடுத்த ஆண்டே ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன் பிறகு தங்கம் கிடைக்கவில்லை.

இந்தக் கதையில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. மல்காஜ்கிரி ஜங்ஷனிலிருந்து பொல்லாரம் போகும் ரயில் பாதையில் சபில்குடா, ராமகிருஷ்ணாபுரம் தாண்டினால் அம்முகுடா. சின்ன ஸ்டேஷன். தமிழ்ப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்த துளசிதாஸ் பலராம் இந்த ஊர்க்காரர்தான். பையனின் ஆட்டத்தைப் பார்த்த ரஹீம் பயிற்சிக்குக் கூப்பிட்டார். செகந்திராபாத்திலிருந்து தினமும் போய்வர வழியில்லை என்று பையன் தயங்க, சைக்கிளுக்கு ரஹீமே ஏற்பாடு செய்தார். மெல்போர்னுக்குப் போன அணியில் பலராமும் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக கோல் போட்டார். ஜகார்த்தா தங்கத்திலும் பங்கு பெற்றார். உடல்நலக் குறைவால் முப்பது வயதுக்கு முன்பே ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. கல்கத்தா பக்கம் குடியேறிவிட்ட அவர் 2023 பிப்ரவரியில் காலமானார். மெல்போர்னிலும் ஜகார்த்தாவிலும் அவருடன் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவர்தான்.

பழைய பெருமைக்கும் இன்றைய நிலைமைக்கும் உள்ள தூரத்தை அளக்க மேற்கே கச்சிபௌலிக்குப் போக வேண்டும். கருங்கல் பாறைகளுக்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் நடுவே நிற்கிறது பாலயோகி ஸ்டேடியம். 2002 தேசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. சுமார் 30,000 பேர் உட்காரலாம். வெகு காலம் ஆள் அரவமில்லாமல் கிடந்த மைதானத்துக்கு 2019-ல் ஹைதராபாத் எஃப்.சி. அணி வந்ததும் உயிர் வந்தது. 2022-ல் அந்த அணி ஐ.எஸ்.எல். சாம்பியனும் ஆனது. ஆனால் கொரோனாவால் அந்த சீசன் முழுக்க கோவாவில் நடந்தது. சொந்த ஊர் ரசிகர்கள் தங்கள் அணி கோப்பை வென்றதை டி.வி.யில்தான் பார்த்தார்கள்.

அப்புறம் பணக் கஷ்டம். வீரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 2025-ல் அணியே டெல்லிக்குக் குடிபெயர்ந்து, ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. மைதானம் மட்டும் கச்சிபௌலியில் தங்கிவிட்டது. அதற்குள் இன்டர்கான்டினென்டல் கோப்பை, மலேசியாவுடனான சர்வதேச ஆட்டம், சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டி என்று 2024-ல் மட்டும் அடுத்தடுத்து விருந்தாளிகள் வந்து போனார்கள். சந்தோஷ் டிராபியை வென்றது வங்காளம். ஹைதராபாத் அதை வென்றது 1950-களில்.

2025 டிசம்பரில் மெஸ்ஸியே ஹைதராபாத் வந்தார். அவரை வரவேற்றது மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தில் இருக்கும் உப்பல் கிரிக்கெட் ஸ்டேடியம். ஒரு மாலை நேரக் கொண்டாட்டம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது.

பார்க்க விரும்புகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது நல்லது. கச்சிபௌலிக்கு ராய்துர்க் வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. புல்லும் விளக்கும் நாற்காலியும் பணம் இருந்தால் வந்துவிடும். அம்முகுடா பையனுக்கு சைக்கிள் ஏற்பாடு செய்து கொடுக்க ஒரு ரஹீம் வேண்டியிருந்தது. இந்த நகரம் இன்று தேட வேண்டியது அப்படி ஒருவரைத்தான்.