புயல் போன பிறகு வந்த தலைவலி

புயல்னாலே நமக்கு நாகப்பட்டினமும் கடலூரும்தான் ஞாபகம் வரும். நான் குடும்பத்தோடு புயலில் மாட்டியது கொடைக்கானலில். மழைக்காலத்தில் மலைக்கு டூர் போகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிங்க.

எனக்குச் சாத்தூர். பட்டாசுத் தொழில் நடக்கிற எங்க பக்கம், தீபாவளி முடிகிற வரைக்கும் டாக்டருக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. தீக்காயம் எந்த நேரமும் வரும். 2018இல் தீபாவளி நவம்பர் 6. அது முடிந்து, பையனுக்குப் பள்ளியில் லீவு சொல்லி, 14ஆம் தேதி அம்மா, மனைவி, பையனோடு வத்தலக்குண்டு வழியாக மலையேறினோம்.

கஜா புயல் 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அங்கிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். தரைக்கு வந்தால் புயல் பலம் குறையும், குறையவும் செய்தது. ஆனாலும் மேற்கே திண்டுக்கல் மாவட்டம் வரை சுழன்றுகொண்டே வந்துவிட்டது. 7000 அடி உயரத்தில் அந்தக் காற்றுக்கு மறைப்பே கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் ரிசார்ட்டைச் சுற்றியிருந்த தைல மரங்கள் வேரோடு சாய ஆரம்பித்தன. எங்க ஊர் வெடிச் சத்தம் பட்டென்று முடிந்துவிடும். இது அப்படியில்லை. முதலில் நீளமாக ஒரு கிரீச், கொஞ்சம் இடைவெளி, அப்புறம் தரை அதிரும். அந்த இடைவெளியில்தான் உயிர் போய் உயிர் வரும். ஜன்னலை விட்டுத் தள்ளி, சுவரோரம் நாலு பேரும் ஒண்டி உட்கார்ந்திருந்தோம். அம்மா வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சாப்பாடு, ஊரிலிருந்து கட்டி எடுத்து வந்த காராச்சேவும் வாழைப்பழமும்தான்.

மதியத்துக்கு மேல் காற்று அடங்கியது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, ரோடு முழுக்க மரம். (டெல்டாவில் தென்னையும் வீடும் இழந்தவர்கள் முன்னால் இதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.)

உண்மையான ஆபத்து அன்று ராத்திரிதான் வந்தது.

பக்கத்து காட்டேஜில் மதுரையிலிருந்து வந்த ஐந்து பேர். மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. பத்தரை மணிக்கு அந்த வீட்டுப் பையன் வந்து கதவைத் தட்டினார். "டாக்டர் சார், கொஞ்சம் வாங்க. எல்லாருக்கும் தலைவலி, ரெண்டு பேருக்கு வாந்தி. மத்தியானம் சாப்பிட்ட பிரட் ஒத்துக்கலையோ?"

ஒருத்தருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. உள்ளே போனதுமே காரணம் தெரிந்துவிட்டது. குளிருக்காக ஜன்னல் இடுக்கெல்லாம் துண்டு வைத்து அடைத்திருந்தார்கள். நடுவில் இரும்புத் தட்டில் பார்பிக்யூ கரி, தகதகவென்று தணல். பெரியவர் எழுந்து நிற்கப் பார்த்துத் தள்ளாடினார்.

கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, ஐந்து பேரையும் கம்பளியோடு வராந்தாவுக்கு இழுத்து வந்தோம். கையிலிருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை அந்தப் பெண்ணின் விரலில் மாட்டினேன். 98.

"ஆக்ஸிஜன் நல்லாத்தானே சார் இருக்கு, உள்ள போயிரலாமா?"

அந்த 98ஐ நம்பக்கூடாது. கரித் தணலிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உடம்பு மூச்சுக்குத் தவித்தாலும் மெஷின் நார்மல் என்றே காட்டும்.

"புகையே இல்லையே தம்பி, நல்லா கனிஞ்ச பிறகுதானே உள்ள எடுத்தோம்" என்றார் அந்த அம்மா. இதுதான் பிரச்சினையே. எங்க பக்கம் மருந்து நெடி லேசாக மாறினாலே ஆட்கள் வெளியே ஓடிவிடுவார்கள். இதற்கு நெடியும் இல்லை, நிறமும் இல்லை. புகை அடங்கிய தணலிலிருந்தும் வந்துகொண்டேதான் இருக்கும். அவர்கள் தூங்கியிருந்தால் தலைவலிகூடத் தெரிந்திருக்காது.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வச்சா போதுமா டாக்டர்னு கேட்பீங்க. போதாது. அறைக்குள் கரியே கூடாது. ஜெனரேட்டரும் அப்படித்தான், வீட்டை விட்டுத் தள்ளித்தான் ஓட வேண்டும். ஒரே அறையில் பல பேருக்குச் சேர்ந்து தலைவலி வந்தால் மாத்திரை தேடாதீங்க, முதலில் வெளியே வாங்க.

வெளிக்காற்றில் மற்ற நாலு பேரும் மெல்லத் தெளிந்தார்கள். என் கவலையெல்லாம் அந்தப் பெண்ணைப் பற்றித்தான். சும்மா காற்றைச் சுவாசித்தால் இந்த வாயு பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தை விட்டுப் போக இன்னும் தாமதமாகும். அம்மாவுக்குத் தலைவலி விட்டது என்பதற்காகக் குழந்தையும் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அங்கே சிலிண்டர் இல்லை, ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை.

"குழந்தை அசையுது சார். அது போதும்ல?"

"அசையறது நல்லதும்மா. ஆனா விடிஞ்சதும் ஆஸ்பத்திரி போயே ஆகணும்."

ராத்திரி முழுக்க என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் உட்கார்ந்திருந்தாள். விடியும்போது எஸ்டேட் ஆட்கள் அரிவாளும் ரம்பமுமாக வந்து ரோட்டை அறுத்துத் திறந்தார்கள். பாதி தூரம் நடை, மீதி ஜீப். ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டினார்கள். ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு சரியாக இருந்தது.

பிப்ரவரியில் மதுரையிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை, ரெண்டே முக்கால் கிலோ.