பார்க்கிறவரை யார் பார்ப்பது?

வலப்பனை உறவுகளுக்கு ஒரு நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் உம்மா பாரிசவாதம் வந்து படுத்து மூன்று வருடம். யாராவது சுகம் விசாரித்தால், "அல்ஹம்துலில்லாஹ், நாங்க பார்த்துக்கொள்றோம்" என்போம். பிள்ளைகள் நான்கு பேர். இருவர் டீச்சர், நானா கடை, தம்பி கட்டாரில். பெம்பஸ், மருந்து, டொக்டர் செலவு எதற்கும் குறை வைக்கவில்லை. அதைத்தான் நாங்கள் 'பார்ப்பது' என்று நினைத்திருந்தோம்.

ஒரு நாள் அலுமாரியில் உம்மாவின் மருந்துத் துண்டைத் தேடும்போது மச்சியின் கிளினிக் கொப்பி கையில் பட்டது. மச்சி என்றால் நானாவின் மனைவி. அவருக்கும் சீனி வருத்தம். கொப்பியில் ஏழு மாதமாக ஒரு திகதியும் இல்லை.

"ஏன் மச்சி போகல்ல?" என்று கேட்டோம்.

"நான் போனா உம்மாவ யார் திருப்பிப் போடுறது?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சோறு வடித்துக்கொண்டே சொன்னார். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். மூன்று வருடமாக உம்மாவின் உடம்பில் ஒரு புண் இல்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். இரவு இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழும்பியது யார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அவர் தன் உம்மாவின் வீட்டுக்குப் போய் இரண்டு பெருநாள் தாண்டியிருந்தது.

பிறகு எங்கள் மௌலவியிடம் பேசினோம். பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, மருமகள் செய்வது அவருடைய நல்ல மனம் என்றார். குத்பாவில் பெற்றோர் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். எங்கள் கடமையை இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு அமைதியாக இருந்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதே தவணையில் பாடசாலையிலும் ஒன்று நடந்தது. (பிள்ளை யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.) தரம் 8 மாணவி. கெட்டிக்காரி. வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டாள். வரவு இடாப்பில் சிவப்புப் புள்ளி போட்டோம், ஏசினோம், அம்மாவைக் கூட்டி வா என்றோம். அம்மா வரவில்லை. கடைசியில் நாங்கள் மூன்று டீச்சர்மார் லயத்துக்குப் போனோம்.

காம்பராவில் ஒன்பது வயதுத் தம்பி பாயில் கிடந்தான். பிறப்பிலேயே மூளை முடக்குவாதம். உட்காரவும் முடியாது, தானாக விழுங்கவும் கஷ்டம். சின்னவனாக இருந்தபோது பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா பார்த்துக்கொண்டார். ஐந்து வயதுக்குப் பிறகு அங்கே வைத்திருக்க வழியில்லை. அப்பா கொழும்பில் வேலை. பாட்டி பார்ப்பார். பாட்டிக்கு முடியாத நாளில் அக்கா வீட்டில் நிற்பாள்.

"ஒரு நாள் பிரட்டுக்குப் போகலேன்னா பேரு விழாது டீச்சர். நான் நின்னா அடுப்பு எரியாது, அவ நின்னா படிப்பு போவுது. நான் என்னா செய்ய?" என்றார் அம்மா.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் எங்கள் மச்சியின் முகம் ஞாபகம் வந்தது. அதன் பிறகுதான் என்ன உதவி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினோம். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பணம். அஸ்வெசும திட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது. 7,500 ரூபாயாக இருந்தது 2025இல் 10,000 ஆனது. 70 வயது தாண்டிய, வருமானம் குறைந்த முதியோருக்கு 3,000 ஆக இருந்தது 5,000 ஆனது. குடும்பத்துக்கு வரும் அஸ்வெசும வேறு, இது வேறு. கேட்க வேண்டிய இடம் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரும். எங்கள் பக்கம் இப்போது வலப்பனை, நில்தண்டாஹின்ன என்று இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகள். உங்கள் தோட்டம் எதில் சேர்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் வீணாகும். அஸ்வெசும பற்றிய கேள்விகளுக்கு 1924க்கு அழைக்கலாம்.

இரண்டாவது, சக்கர நாற்காலி போன்ற உபகரணங்கள், மருத்துவ உதவி. இதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் இருக்கிறது. விண்ணப்பம் அதே சமூக சேவை உத்தியோகத்தர் வழியாகத்தான். இதற்குப் பின்னால் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. முதியோருக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். 60 வயது தாண்டியவருக்கு முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம்.

மூன்றாவது, பிள்ளைக்கான பயிற்சி. நுவரெலியாவில் மென்காஃபெப் நிலையம் 1980களின் கடைசியிலிருந்து விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காகவும் அவர்களின் குடும்பங்களுக்காகவும் வேலை செய்கிறது. இப்படியான பிள்ளைக்கு எப்படி ஊட்டுவது, எப்படித் தூக்குவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுக்க ஆள் இருப்பதே பெரிய ஆறுதல். பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கும் துண்டு எழுதி வாங்கலாம்.

நான்காவது, மொழி. நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகங்கள் 1999இலேயே இருமொழி நிர்வாகத்துக்குப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் படிவம் கேட்பது உங்கள் உரிமை. ஒரு அலுவலகத்தில் எங்களுக்குச் சிங்களப் படிவம்தான் நீட்டினார்கள். மரியாதையாகக் கேட்டோம். அரை மணித்தியாலம் தேடிக் கொடுத்தார்கள். கேட்காதவர் வாங்கியிருக்க மாட்டார்.

ஐந்தாவது, மனம். பார்க்கிறவருக்குத் தாங்க முடியாமல் போனால் 1926க்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

இவ்வளவு இருந்தும் அந்த வீட்டுக்கு ஏன் ஒன்பது வருடமாக ஒன்றும் வரவில்லை? பாட்டியிடம் கேட்டோம். "பிச்சைச் சம்பளம் வாங்குற அளவுக்கு நாங்க கெட்டுப் போகலே டீச்சர்" என்றார். நம் ஊரில் இந்தக் கொடுப்பனவுகளுக்கு வைத்திருக்கும் பெயர் அது. சட்டத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. தயவுசெய்து அந்தச் சொல்லை நாம் விடுவோம். ஒரு சொல்லுக்குப் பயந்து ஒரு பிள்ளை பாயில் கிடக்கிறான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிரதேச செயலகம் ஒரு நாள், வைத்திய அறிக்கைக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள். மூன்று நாள் வெளியே போக முடிந்தவருக்குத்தான் இந்த உதவி கிடைக்கும். வீட்டை விட்டு அசைய முடியாதவர்தான் இதைத் தேடி அலைய வேண்டும்.

மேலே எழுதிய பணமெல்லாம் படுத்திருப்பவருக்குத்தான். பார்க்கிறவருக்கென்று நம் நாட்டில் மாதக் கொடுப்பனவு இல்லை. கேரளாவில் 'ஆஸ்வாஸகிரணம்' என்ற திட்டத்தில் பார்ப்பவருக்கே மாதம் 600 இந்திய ரூபாய் என்று வைத்தார்கள். சிறிய தொகைதான். ஆனால் அவரும் ஒரு ஆள் என்று அரசாங்கம் எழுதி வைத்த கணக்கு அது. அதே கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் தொடங்கிய நோய்த்தணிப்புப் பராமரிப்பு, பிறகு மலப்புரம் மாவட்டத்தில் ஊர் மக்களின் கைக்கு வந்தது. ஊர்க்காரர்கள் பயிற்சி எடுத்து, வாரத்தில் இரண்டு மணித்தியாலமாவது ஒதுக்கி, படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். 2008இல் மாநில அரசே அதற்கு ஒரு கொள்கை வகுத்தது. நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள்தான் அதைச் செய்தார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வெள்ளி பின்னேரமும் ஞாயிறும் மச்சிக்கு லீவு. நானா உம்மாவைத் திருப்பப் படித்துவிட்டார். முதல் நாள் கை நடுங்கியது. தம்பி கட்டாரிலிருந்து பணம் மட்டும் அனுப்பாமல், மச்சியின் கிளினிக் திகதியைப் போன் பண்ணி ஞாபகப்படுத்துகிறார். மச்சி கிளினிக் போய்விட்டார். சீனி கூடியிருக்கிறது. அது எங்களுக்குத் தேவையான தண்டனை.

அந்தத் தாயோடு எங்களில் ஒரு டீச்சர் பிரதேச செயலகம் போனார். அந்த நாள் முழுக்க இன்னொருவர் காம்பராவில் பையனோடு இருந்தார். விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. பிள்ளை இப்போதும் சில வியாழக்கிழமை வருவதில்லை. ஆனால் நாங்கள் ஏசுவதில்லை. அன்றைய பாடத்தைக் கொப்பியில் எழுதி அனுப்புகிறோம்.

பள்ளிவாசல் ஜமாஅத்தினரிடமும் கோயில் பரிபாலன சபையிடமும் பன்சலைத் தாயக சபையிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கும். பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதுங்கள்: அவரைப் பார்ப்பவர் யார், அவர் கடைசியாக எப்போது வெளியே போனார். மாதத்தில் ஒரு பகல் போதும். ஒருவர் அந்த வீட்டில் போய் இருங்கள், அவர் கிளினிக் போய் வரட்டும்.

இனி சுகம் விசாரிக்கப் போகும்போது படுத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு, குசினிப் பக்கமும் ஒரு தடவை போய்க் கேளுங்கள்: "நீங்க எப்படி இருக்கீங்க?"

படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். சிங்களமோ தமிழோ, நாங்கள் நிரப்பித் தருகிறோம். பேஸ்புக் பார்க்காதவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. தெரிந்தவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்.

அல்லாஹ் எங்கள் குறைகளை மன்னிப்பானாக. உம்மாவுக்கும் மச்சிக்கும் துஆ செய்யுங்கள். அந்தப் பையனுக்கும்.