கட்டை அடுக்கிய கைகள்

விடியற்காலம் ஐந்து மணிக்கே அந்தத் தெரு முழித்துக்கொள்ளும். கம்பெனி வண்டி வருவதற்குள் சோறு பொங்கி, குழம்பு கூட்டி, தூக்குவாளியில் அடைத்தாக வேண்டும். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே, கரிசல் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், தீப்பெட்டித் தொழிலை நம்பி வாழும் குடும்பத்தோடு ஆடி மாதம் தங்கியிருந்தேன். ஆச்சிக்கு எழுபது வயதுக்கு மேல். திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறார். மகனுக்குப் பட்டாசு ஆபீசில் வேலை; ஆலையை இங்கே ஆபீஸ் என்பார்கள். மருமகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். படிப்பு முடிந்தால் வேறு வேலைதான் என்று அவள் உறுதியாகச் சொல்கிறாள். அதை மறுத்து அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம், சுவீடனில் யோன்ஷேப்பிங் என்ற ஊரில் இருக்கும் தீப்பெட்டி அருங்காட்சியகம். உரசுபட்டியில் மட்டும் பற்றுகிற பாதுகாப்பான தீக்குச்சிக்கு 1844-இல் அந்நாட்டில் காப்புரிமை பெற்றவர் குஸ்தாவ் எரிக் பாஷ். அதைத் தொழிலாக வளர்த்தவர்கள் யோன்ஷேப்பிங்கின் லுண்ட்ஸ்ட்ரம் சகோதரர்கள். 1848-இல் கட்டிய அவர்களுடைய ஆலைக் கட்டடத்தையே இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் படித்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு செய்தி. அந்த ஊரிலும் ஏழைக் குடும்பங்கள்தாம் வீட்டில் உட்கார்ந்து, தாயும் பிள்ளைகளுமாகத் தீப்பெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இயந்திரம் வந்ததும் அந்த வேலை போனது. ஆனால் அது நடந்ததை ஊர் மறக்கவில்லை.

சிவகாசிக்கும் சுவீடனுக்கும் பழைய போட்டி ஒன்று உண்டு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு வெள்ளை அரசு இறக்குமதி வரியை ஏற்றிவிட்டதால், அதே 1923-இல் சுவீடன் தீப்பெட்டி நிறுவனமும் ‘விம்கோ’ என்ற பெயரில் இந்தியாவிலேயே கம்பெனி தொடங்கியது. பின்னாளில் சென்னைத் திருவொற்றியூரில்கூட அதன் ஆலைப் புகைபோக்கி நின்றது. உலகச் சந்தையில் பெரும்பங்கை வைத்திருந்த அந்த இயந்திரக் கம்பெனிக்கு எதிரே, மழை பொய்த்த சீமையின் பெண்கள் கைவேலையால் ஈடுகொடுத்தார்கள். சிவகாசி வென்ற கதையை முதலாளிகளின் துணிச்சலாக மட்டும் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த வெற்றியில் பாதிக்கு மேல் இந்தத் திண்ணைகளுக்குச் சேர வேண்டியது.

ஆச்சி வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாவுப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்திருக்கும். கிண்ணத்தின் ஓரத்தில் நீலம் படிந்திருக்கிறது. ஆள்காட்டி விரலால் பசையை ஒரே இழுப்பாக இழுக்கிறார். மடிப்புக் கோட்டில் அட்டை தானாக எழும்புகிறது. கட்டை விரல் மூலையை அழுத்துகிறது. பெட்டி கூடைக்குள் விழுகிறது. அவர் கண் தெருவில் இருக்கிறது, வாய் பேசிக்கொண்டிருக்கிறது. முன்பு மரச்சீவலில் ஒட்டினார்களாம், இப்போது எல்லாம் அட்டைதான். அந்த வேலையும் வாரத்தில் சில நாள்தான் வருகிறது.

“ராவெல்லாம் அரிக்கேன் வெளக்குல ஒட்டுவோம் தம்பி. பிள்ளைக பசைக் கையோடயே ஒறங்கிப் போகும்” என்றார். அதில் வருத்தத்தைத் தேடினேன். அவர் அதை நடந்த ஒன்றாக மட்டுமே சொன்னார்.

மருமகள் முதலில் கட்டை அடுக்கியவர். பள்ளம் வெட்டிய மெல்லிய மரச்சட்டங்கள், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்கும் ஒரு நெடுஞ்சட்டகம், அவ்வளவுதான் கருவி. பள்ளத்துக்கு ஒரு குச்சி. ஒரு கட்டை நிறைய இரண்டாயிரத்துக்கு மேல் குச்சி வேண்டும். குச்சிகளைக் கையால் பரப்பி, சட்டத்தைத் தட்டினால் அவை வரிசையாகப் போய் உட்காரும். கோணலாக ஒன்று நின்றாலும் மெழுகில் முக்கும்போதும் மருந்தில் முக்கும்போதும் பக்கத்துக் குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய கட்டை ஒன்றை வீட்டு மூலையிலிருந்து எடுத்து வந்து எனக்குச் செய்து காட்டினார். அடுக்கி முடித்ததும் குச்சி முனைகள் ஒரே மட்டத்தில் நின்றன.

இப்போது அவர் பெட்டி அடைக்கிறார். ஒரு கைப்பிடி எடுத்தால் ஏறக்குறைய அளவாகவே வருகிறது. எண்ணுவீர்களா என்று கேட்டேன். “எண்ணிக்கிட்டிருந்தா எங்கிட்டு அண்ணே கூலி கெடைக்கும்? வெரலுக்குத் தெரியும்” என்றார். தலை மாறி நிற்கும் குச்சியையும் மருந்து இல்லாத குச்சியையும் அதே வேகத்தில் ஒதுக்கிவிடுகிறார். அதற்கும் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது.

இந்தத் திறமையைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த விரல்கள் இவ்வளவு பழகியதற்குக் காரணம், ஏழெட்டு வயதில் வேலைக்கு வந்ததுதான். அந்தக் காலத்தில் விடியுமுன் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தொழிலை முன்வைத்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும். மருமகள் அதற்கு முந்திய தலைமுறை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மகள் கல்லூரிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்து நிற்பார்.

மகனோடு அதிகம் பேச வாய்க்கவில்லை. பட்டாசுச் சீசன் அது. வெயில் ஏறுவதற்குமுன் மருந்து வேலையை முடிக்க வேண்டும் என்று இருட்டிலேயே போய்விடுவார். அறைகள் தள்ளித் தள்ளிக் கட்டப்பட்டிருக்கும், ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. விதி மீறப்படும் இடத்தில்தான் பெரும்பாலும் சாவு விழுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கோ டம்மென்று ஒரு சத்தம் கேட்டால் இந்தத் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் வெளியே வந்து வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நான் இருந்தபோதும் ஒருநாள் அப்படி வந்து நின்றார்கள். கல்குவாரி வெடி என்று தெரிந்த பிறகுதான் ஆச்சி பசைக் கிண்ணத்தை மறுபடி தொட்டார்.

தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. அதற்கு முன் 14 ஆண்டுகள் அதே விலை. இறக்குமதி லைட்டர் வேறு சந்தையைத் தின்றது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடுத்தது 2023-இல். விலை ஏறாத அத்தனை ஆண்டும் அந்தச் சுமையில் பெரும்பங்கைத் தாங்கியது கூலி என்றே நினைக்கிறேன். கைவேலை ஆபீஸ்கள் குறைந்துவிட்டன. கட்டைகள் விறகாகின்றன.

விருதுநகரில் காமராசர் பிறந்து வளர்ந்த வீடு நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. அதே மாவட்டத்தில், தீப்பெட்டித் தொழிலுக்கென்று சொல்லிக்கொள்ளும்படியான ஓர் அருங்காட்சியகம் என் கண்ணில் படவில்லை. பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றைத் தொழிலதிபர்களும் அரசும் சேர்ந்து இதற்கென ஒதுக்க வேண்டும். அங்கே அய்ய நாடார், சண்முக நாடார் படங்கள் இருக்கட்டும். கட்டையும் மெழுகுத் தட்டும் லித்தோ அச்சில் வந்த லேபிள்களும் இருக்கட்டும். பிள்ளைகளை ஏற்றி வந்த வண்டியின் கதையும், விபத்தில் இறந்தவர்களின் பெயர்களும் அதே கூடத்தில் இருக்க வேண்டும். செய்து காட்ட ஆச்சிமாரைக் கூலி கொடுத்து அழைக்க வேண்டும். சுவீடனில் 1936 முதல் ‘சூல்ஸ்டிக்கான்’ என்ற தீப்பெட்டியின் விற்பனையில் ஒரு சிறு தொகை குழந்தைகள், முதியோர் நலனுக்குப் போகிறது. சிவகாசிப் பெட்டியாலும் அது முடியும்.

அதுவரை, சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கட்டையோ, மரச்சீவல் பெட்டியோ, லேபிள் கட்டோ கிடந்தால் அடுப்பில் வைத்துவிடாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். அதை வைத்து வேலை பார்த்தவர் பெயரை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.