எந்த அவை?

மகனுக்குத் தந்தை செய்யத்தக்க உதவி இன்னது என்று வள்ளுவர் வரையறுத்துச் சென்றிருக்கிறார். கற்றோர் கூடிய அவையில் அவன் முற்பட்டு விளங்கும்படி ஆக்கிவிடுதலே அது. பொருள் சேர்த்து வைப்பதை அவர் அங்கே பேசவில்லை. பிழைப்பின் பொருட்டுத் தலைநகருக்கு வந்து கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் நம் போன்றோர் அந்தக் குறளைச் சங்க மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளும் அதனை ஒப்புவித்துப் பரிசு பெற்றிருக்கிறார்கள். ஆனால் குறள் நம் பொறுப்பில் விட்டுவிட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்த அவை எதுவென்று முடிவு செய்பவர் தந்தையா, மகனா?

இக்கேள்வியை நம் உள்ளத்தில் ஆழமாக எழுப்பியவை இரண்டு ஆங்கிலத் திரைப்படங்கள். முதலாவது, ஆலன் பார்க்கர் இயக்கி 1980-ல் வெளிவந்த ‘ஃபேம்’. நியூயார்க் நகரின் நிகழ்கலைப் பள்ளியில் நடிப்பும் இசையும் நடனமும் பயில வரும் மாணவர்களை, நுழைவுத் தேர்விலிருந்து நான்காம் ஆண்டின் இறுதி வரை அப்படம் தொடர்கிறது. அவர்களுள் ஒருவன் புரூனோ. அவன் தந்தை வாடகைக் கார் ஓட்டுபவர். மகனின் மின்னணு இசைக்கருவிகளுக்காக உழைத்த காசைக் கொட்டியவர். மகனோ நிலவறையில் தனியே அமர்ந்து இசையமைக்கிறான். பிறர் செவிக்கு அதனைக் கொண்டு செல்ல மறுக்கிறான். கனியாத காயைச் சந்தைக்கு அனுப்ப அவனுக்கு விருப்பமில்லை. தந்தையால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் மகனைக் கேளாமலே அவனது ஒலிநாடாவை எடுத்துச் சென்று, காரின்மேல் ஒலிபெருக்கி பொருத்திப் பள்ளி வாசலிலேயே முழங்கச் செய்துவிடுகிறார். மாணவர்கள் தெருவில் இறங்கி ஆடுகிறார்கள், போக்குவரத்து நின்றுபோகிறது. பார்க்கும் நமக்குக் கொண்டாட்டம்தான். ஆயினும் எப்போது மேடையேறுவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த ஒரு நொடியில் மகன் கையை விட்டுப் போய்விடுகிறது. அன்பு மிகுதியாலும் மனத்தாங்கல் பிறக்கும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது படம் 2000-ல் வந்த ‘பில்லி எலியட்’. இங்கே தந்தை எதிர்த்திசையில் நிற்கிறார். இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹாம் பகுதியின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்று. 1984 மார்ச்சு முதல் 1985 மார்ச்சு வரை நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தமே கதையின் காலம். தாயை இழந்த பதினொரு வயதுச் சிறுவன் பில்லியைக் குத்துச்சண்டை பயிலத் தந்தை அனுப்புகிறார். அதே கூடத்தில் சிறுமியருக்கு நடக்கும் பாலே நடன வகுப்பில் அவன் கால்கள் ஒட்டிக்கொள்கின்றன. செய்தி அறிந்த தந்தை சீறுகிறார். ஆண்பிள்ளைக்கு இது அடுக்குமா என்பது ஒரு பக்கம். அடுப்பெரிக்கவும் வழியில்லாத வறுமை மறு பக்கம். கிறிஸ்துமஸ் நாளில் மறைந்த மனைவியின் பியானோவையே உடைத்து விறகாக்கும் மனிதர் அவர்.

அவரை மாற்றியது யாருடைய அறிவுரையும் அன்று. ஓர் இரவு மகன் தன் எதிரே நின்று, அஞ்சாமல், ஒரு சொல்லும் பேசாமல் ஆடிக் காட்டுவதைக் கண்ணால் பார்க்கிறார். அதன்பின் அவர் செய்யத் துணிவது, தம் வாழ்நாள் கொள்கையையே விற்பது. மகனை இலண்டன் தேர்வுக்கு அனுப்பும் செலவுக்காக, கருங்காலிகளை ஏற்றிச் செல்லும் பேருந்தில் ஏறி வேலைக்குப் போகிறார். மூத்த மகன் ஓடிவந்து தடுக்கையில் நிலைகுலைந்து அழுகிறார். முடிவில் மனைவியின் நகைகள் அடகுக்குச் செல்கின்றன. அரச பாலே பள்ளியில், மகனுக்கு உம்முடைய முழு ஆதரவு உண்டா என்று தேர்வாளர்கள் வினவும்போது, உண்டு என்கிறார். இடம் கிடைத்த செய்தியைக் கூவிக்கொண்டு அவர் தோழர்களிடம் ஓடும் வேளையில், வேலை நிறுத்தம் தோற்ற செய்தி அங்கே காத்திருக்கிறது. மகன் மேடைக்குப் போகிறான். தந்தை மீண்டும் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்.

இவ்விரு தந்தையரையும் நம் குடியிருப்புகளிலேயே காணலாம். ஒரே மனிதருக்குள் இருவரும் இருப்பதும் உண்டு. பெண்ணுக்குப் பரதம், பையனுக்கு மிருதங்கம் என்று ஞாயிறுதோறும் பேருந்து மாறிப் பேருந்து ஏறி அழைத்துச் செல்கிறோம். நவராத்திரியிலும் சங்க ஆண்டு விழாவிலும் பிள்ளைகள் மேடையேறுகையில் முதல் வரிசையில் அமர்ந்து மகிழ்கிறோம். பத்தாம் வகுப்பு நெருங்கியதும் மிருதங்கம் உறைக்குள் புகுந்து பரண்மேல் ஏறிவிடுகிறது. கலை அணியாக இருக்கும்வரை வரவேற்கிறோம்; பிழைப்பாக வருகிறேன் என்றால் அஞ்சுகிறோம். அந்த அச்சம் வெறும் பிடிவாதமன்று. ஊரில் நிலமில்லை, இங்கே குடியிருப்பதும் அரசு இல்லம், ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். அடுத்த கூரை மகனின் சம்பளத்தில்தான் எழும்ப வேண்டும் என்ற கணக்கு நம்மில் பலருக்கு உண்டு.

நம் இல்லத்திலும் அந்தக் கணக்கு இப்போது குறுக்கே நிற்கிறது. பட்டப்படிப்பை முடித்திருக்கும் மூத்த மகன், மண்டி ஹவுஸ் அருகிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் சேர முயல வேண்டும் என்கிறான். 1959-ல் தொடங்கப்பெற்ற அப்பள்ளியில் பட்டதாரிகளுக்கே இடம், படிப்பு மூன்றாண்டு, நாடு முழுவதிலிருந்தும் போட்டி. அதன்பின் வருவாய்க்கு உறுதி எதுவுமில்லை. சில வாரங்கள் தந்தையும் மகனும் தாய் வழியாகவே பேசிக்கொண்டோம். “சாப்பிட வரச் சொல்லு” என்பதற்குக்கூட இடையில் ஒருவர் தேவைப்பட்டார்.

பின்னர் அவன் நடித்த இந்தி நாடகம் ஒன்றைக் கடைசி வரிசையில் அமர்ந்து பார்த்தோம். வீட்டில் நான்கு சொல் சேர்த்துப் பேசாதவன், அரங்கு நிறைந்தவர்கள் மூச்சடக்கிக் கேட்க அங்கே பேசினான். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று நமக்கு விளங்கவில்லை. நம்மைக் கேளாமலே விண்ணப்பிக்கும் வயது அவனுக்கு உண்டு. ஆயினும் கேட்கிறான். அக்கேள்வியில் இருக்கும் மதிப்பைக் கருதியே, நாடகப் பள்ளிக்கு விண்ணப்பி, மத்திய அரசுப் பணியாளர் தேர்வையும் எழுது என்றோம். இரண்டுக்கும் தலையசைத்தான். அன்றிரவு மூவரும் ஒன்றாக அமர்ந்து உண்டோம்.

பில்லியின் தந்தைக்குப் பாலே கடைசிவரை விளங்கியிருக்குமா என்பது ஐயமே. ஆயினும் ஆண்டுகள் கழித்து, வளர்ந்த மகன் இலண்டன் அரங்கில் ஆட வரும்போது, நரைத்த தலையுடன் அவர் அவையில் அமர்ந்திருக்கிறார். மகனை அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடன் என்றால், மகன் தேர்ந்த அவைக்குத் தாமும் போய் ஓரிருக்கையில் அமர்வதும் அக்கடனில் ஒரு பகுதியாகவே நமக்குத் தோன்றுகிறது.