ஆகஸ்டுப் பனியும் மார்கழிப் பனியும்

தூத்துக்குடிக் கத்தோலிக்கரின் பெருந்திருவிழா டிசம்பரில் வருவதில்லை. ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5இல் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவே ஊரின் பெரிய நாள். ஆனால் அந்த ஆகஸ்டுத் திருநாளுக்குள்ளேயே கிறிஸ்துமஸ் ஒளிந்திருக்கிறது.

நாலாம் நூற்றாண்டில் ஒரு கோடை இரவில் ரோமின் எஸ்குலின் குன்றில் பனி பெய்து, மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டிய இடத்தைக் காட்டியது என்பது மரபுக் கதை. அங்கே நிற்கும் புனித மரியா பேராலயத்தின் நேர்ந்தளிப்பு நாள்தான் ஆகஸ்டு 5. பாலன் இயேசு கிடந்த தீவனத் தொட்டியின் மரத்துண்டுகள் என்று போற்றப்படுபவையும் அங்கேதான் இருக்கின்றன. ரோமில் கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலி வேர்பிடித்ததும் அதே ஆலயத்தில்தான். முத்துக்குளித்துறையின் ஆகஸ்டு விழாவும் மார்கழி நள்ளிரவுப் பூசையும் ஒரே கூரையின் கீழிருந்து வந்தவை.

அந்த ரோமப் பனி உறைபனி. தூத்துக்குடி அறிந்த பனியோ மார்கழி இரவில் ஓலைக் கூரையையும் வள்ளத்தையும் நனைப்பது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது நல்ல பேறு. மாதாவின் பெயரை இந்தக் கரைக்காரரின் காதால் கேட்டால் அது ஆகஸ்டைவிடக் கிறிஸ்துமஸ் இரவுக்கே நெருக்கமாக ஒலிக்கிறது.

தூத்துக்குடியில் இயேசு சபையார் கட்டிய ஆலயம் 1582 ஆகஸ்டு 5இல் நேர்ந்தளிக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் தேதி உலகில் இரண்டாகப் பிரியக் காரணமான மாற்றமும் அதே ஆண்டில்தான் நடந்தது. பதின்மூன்றாம் கிரகோரி போப்பாண்டவரின் ஆணைப்படி அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. ஐரோப்பா மொத்தமும் உடனே இணங்கவில்லை. இங்கிலாந்து 1752 வரை பழைய யூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தது. ரஷ்ய, செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் அதன்படியே திருநாள் கொண்டாடுகின்றன. அவர்களுக்கும் அது டிசம்பர் 25தான். நம் நாட்காட்டியில் அந்த நாள் ஜனவரி 7ஆக விழுகிறது. 2100ஆம் ஆண்டு கிரகோரியன் கணக்கில் லீப் ஆண்டு அல்ல என்பதால், 2101 முதல் அது ஜனவரி 8 ஆகும்.

ஆர்மீனியர் கதை வேறு. 354ஆம் ஆண்டு ரோம நாள்தொகுப்பில் டிசம்பர் 25 இடம்பெறுகிறது. கீழைச் சபைகளிலோ பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6இல் நினைவுகூரும் வழக்கம் இருந்தது. மற்றவர்கள் பிறப்பை டிசம்பருக்குப் பிரித்த பின்னும் ஆர்மீனியர் பிரிக்கவில்லை. சென்னை அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய ஆலயம் அவர்களுடையது.

தேதி ஒன்றானாலும் பெயர் ஒன்றல்ல. மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கைத் தமிழர் நாவில் அது நத்தார். பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' என்ற போர்த்துக்கீசியச் சொல்லே அப்படித் திரிந்தது. 1497 கிறிஸ்துமஸ் நாளில் வாஸ்கோ ட காமா கடந்து சென்ற ஆப்பிரிக்கக் கரைக்கும் அதே பெயர் விழுந்தது: நேட்டால். 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர் கரும்புத் தோட்டக் கூலிகளாக இறங்கிய மண் அது. திருநாளாக ஒரு கரையில் தங்கிய சொல், ஊர்ப்பெயராக இன்னொரு கரையில் தமிழரை எதிர்கொண்டது.

முறைகளும் மாறுபடுகின்றன. கேரளத்துச் சிரியன் சபைகளில், குருத்தோலை ஞாயிறன்று பெற்ற ஓலைகளைக் கோயில் முற்றத்தில் தீயிலிட்டு வலம் வருவார்கள். திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. சபைகளில் பாடல் குழுக்கள் டிசம்பர் இரவுகளில் வீடுவீடாகப் போகும். 25 விடியுமுன்பே ஆராதனைக்கு மணி அடிக்கும். கத்தோலிக்கருக்கு நள்ளிரவுப் பூசை. அதற்கு முன்பே குடில் கட்டி, மாதாவும் சூசையப்பரும் ஆடுமாடுகளும் இடம்பிடித்துவிடும். பாலன் சுரூபம் மட்டும் இராது. பூசையில் வானவர் கீதம் எழும்போதுதான் அதைக் கொண்டுவந்து வைக்கோலில் கிடத்துவார்கள்.